சுகாதாரக் கதிரைக்கு அந்தத் துறை படிச்ச ஆக்களையே போடுங்க: மட்டக்களப்பிலிருந்து ஒரு கோரிக்கை மனு

செயலாளர் அவர்கள்,
கிழக்கு மாகாண சுகாதார அமைச்சு,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா/அம்மா,

மட்டக்களப்பு மாவட்டத்தில பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், தொற்றுநோயியல் பிரிவுப் பொறுப்பு மாதிரிப் பதவிகளுக்கு எப்ப ஆள் போடக்குள்ளயும், சமுதாய மருத்துவமோ தொற்றுநோயியலோ முறையாப் படிச்ச டொக்டர்மாரையே போடணும், அரசியல் சிபாரிசுக்கு அங்க இடமிருக்கக் கூடாது எண்டுதான் இந்த மனு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றம் எண்டா, டெங்கையே பாருங்க. மாரி மழை துவங்கினதும் எங்கட பக்கம் டெங்கு ஏறும், உடனே புகை அடிங்க எண்டு எல்லாரும் கேப்பம், ஆனா புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், டாங்கிலயும் பூச்சாடித் தட்டிலயும் கிடக்கிற குடம்பிக்கு ஒண்டும் ஆகாது, முட்டை தண்ணியே இல்லாமக் காய்ஞ்சு மாசக்கணக்கா இருந்துட்டு அடுத்த மழைக்குப் பொரிக்கும். இது தெரிஞ்ச ஒராள் மேல இருந்தா மழைக்கு முன்னமே பிஎச்ஐமாரை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களை) வீடு வீடா அனுப்புவார். தெரியாட்டி ஆஸ்பத்திரி வாட்டு நிறைஞ்ச பிறகுதான் மெஷின் வெளிய வரும்.

துறை தெரிஞ்சு வேலை செஞ்சா என்ன நடக்கும் எண்டதுக்கு மலேரியாவைப் பாருங்க. 1999ல இந்த நாட்டில ரெண்டரை லட்சத்துக்கு மேல மலேரியா நோயாளிகள். 2016ல மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. ரத்தம் எடுத்துப் பாத்து, நுளம்பைப் பிடிச்சு ஆராஞ்சு, ஒவ்வொரு நோயாளியா விடாமத் தேடிப் போன வேலை அது.

அறிவியலைத் தள்ளி வெச்சா என்ன நடக்கும் எண்டு ஓட்டமாவடியைக் கேளுங்க. கொரோனாவில மவுத்தான ஆக்களைப் புதைச்சா நிலத்தடித் தண்ணி பழுதாகும் எண்டு சொல்லி, பச்சைப் பிள்ளையைக்கூட எரிச்சாங்க, புதைக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி வரைக்கும் புதைக்க விடல்ல. பிறகு நாடு முழுக்க இருந்து ஜனாஸாக்களை (முஸ்லிம்கள்ற உடல்களை) எங்கட மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டு வந்துதான் அடக்கினாங்க. 2024ல அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது, சரி, ஆனா எரிச்ச உடலை அந்தத் தாய்மாருக்கு ஆர் திருப்பிக் குடுக்கிற?

அதனால நியமனத்துக்கு முதல் அந்த ஆள்ற படிப்பையும் கள அனுபவத்தையும் பொதுவில போடுங்க. பெரிய தீர்மானம் எடுத்தா அதுக்கான அறிவியல் காரணத்தைத் தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதி எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ் போர்டில ஒட்டச் சொல்லுங்க. வார மாரிக்கு முன்னமே எழுத்தில ஒரு பதில் தந்தா பெரிய உதவி.

இப்படிக்கு,
மட்டக்களப்பு மாவட்டத்துத் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள்