கள்ளக்கடல் எச்சரிக்கை கரைக்கு வந்து சேர வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்
நாட்டுப்படகு மீனவர்கள் மற்றும் கடற்கரைத் தெருக் குடும்பத்தினர்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: கள்ளக்கடல் (இங்கே புயலோ காற்றோ இல்லாமலே திடீரெனக் கரை ஏறும் பேரலை), கடல் சீற்ற எச்சரிக்கைகளைக் கடற்கரையிலேயே அறிவிக்கக் கொடிக்கம்பம், ஒலிபெருக்கி, பொறுப்பாளர் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் இதே பொருள் குறித்து நாங்கள் ஏற்கெனவே அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தக் கடற்கரை தங்களுக்குப் புதிதல்ல. கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு வேலையைப் பார்வையிடத் தாங்களே நேரில் வந்தீர்கள். தெற்குத் தூண்டில் வளைவுக்கும் பாறைத் திட்டுக்கும் நடுவில் உள்ள மணல்வெளியில் நின்றுதான் எங்களிடமும் பேசினீர்கள். இந்த மனு அதே இடத்தைப் பற்றியதுதான். முன்பு கொடுத்த மனுக்களுக்கு, "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிப் பதில் வந்தது. அந்தத் துறையில் போய்க் கேட்டால் அடுத்த துறையைக் கைகாட்டுகிறார்கள். அதனால் மறுபடியும் தங்களிடமே வருகிறோம்.

எங்கள் குறை ஒன்றுதான். எச்சரிக்கை இருக்கிறது. அது கரைக்கு வருவதில்லை.

1. முன்னறிவிப்பில் எங்களுக்குக் குறையில்லை. வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையைத் தவறாமல் வெளியிடுகிறது. அலையின் உயரம், நீரோட்டம், கள்ளக்கடல் எல்லாவற்றையும் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. 2017 ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராமல் எத்தனை வீடுகள் அழுதன என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியிருக்கிறது, மறுக்கவில்லை.

2. புயல் என்றால் எங்களுக்கே தெரியும். கச்சான் காற்று ஏறினால், மேகம் கறுத்தால், யாரும் சொல்லாமலேயே படகை மேலே ஏற்றிவிடுவோம். கள்ளக்கடல் அப்படி இல்லை. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசிய புயல் கிளப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, சில நாள் கழித்து நம் கரையில் வந்து ஏறுகிறது. இங்கே வானம் தெளிவாக இருக்கும். காற்றே இருக்காது. சாதாரண அலை ஐந்து, எட்டு நொடிக்கு ஒன்று வரும் என்றால், இந்த அலைகளுக்கு நடுவே பதினைந்து நொடிக்கு மேல் இடைவெளி இருக்கும். பார்ப்பவர்களுக்குக் கடல் ஓய்ந்து கிடப்பதுபோலத் தெரியும். அப்புறம் நாலைந்து பெரிய அலைகள் சேர்ந்து வரும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தோடு சேர்ந்துவிட்டால் தண்ணீர் தெருவுக்குள்ளேயே வந்துவிடும்.

இது அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டு, வெளியூர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வரும் அதே மாதங்கள். பாறைத் திட்டில் பச்சைப் பாசி ஒரு கோடுபோலப் படிந்திருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். அந்தக் கோடு வரைக்கும் அலை ஏறும் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். வருகிறவர்களுக்குத் தெரியாது. செருப்புகளைக் கழற்றி மேலே வரிசையாக வைத்துவிட்டு, கோட்டுக்குக் கீழே இறங்கிக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். வலை பிரித்துக்கொண்டிருக்கும் எங்கள் ஆட்கள் போட்டது போட்டபடி ஓடிப்போய்க் கத்துகிறார்கள். "உங்க கடலா?" என்று கேட்கிறார்கள், ஐயா. அவர்கள் மேல் கோபமில்லை. வெயில் அடிக்கிறது, கடல் அமைதியாக இருக்கிறது, அறிவிப்பு எதுவும் இல்லை. மீன்காரன் ஒருவன் கத்துவதை எதற்காக நம்ப வேண்டும்?

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அந்த நாட்களிலும் கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டுத்தான் இருந்தது. படித்த பிள்ளைகள். படிப்பு இருந்தால் மட்டும் கடல் தெரிந்துவிடுமா?

3. தூண்டில் வளைவை ஒட்டிய இழுப்பு. கல் கட்டியபிறகு அதை ஒட்டி நீர் வெளியே இழுத்துக்கொண்டு போகும் வாய்க்கால் ஒன்று உண்டாகியிருக்கிறது. அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கலங்கித் தெரியும். இதுதான் பத்திரமான இடம் என்று நினைத்துப் பெண்களையும் குழந்தைகளையும் அங்கேதான் இறக்குகிறார்கள். இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டே களைத்து மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பை விட்டு வெளியே வந்துவிடலாம். இந்த ஒரு வரியை எழுதி வைக்க ஒரு பலகை கேட்டோம். கொடுக்கவில்லை.

4. எங்கள் படகுகளின் நிலையும் இதேதான். மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகும் பைபர் வள்ளமும் அப்போதும் கடலுக்குப் போகின்றன. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கிறது. நீண்ட அலை அந்த மேட்டில் ஏறி உடையும்போது உள்ளே வரும் படகு குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். முன்னறிவிப்பில் "அலை உயரம் 1.5 மீட்டர்" என்று இருந்தால், அது பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரிதான். தனி அலை ஒன்று அதைப்போல இரண்டு மடங்கு கூட எழலாம். இதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? சிறிய படகுகள் எங்கே கவிழக்கூடும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் சேவைகூட இன்காய்ஸிடம் இருக்கிறது. எங்களுக்கு வருவதோ, வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதுவும் படகு இறங்கிய பிறகு. விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவனுக்குக் காலை பத்து மணிக்கு வரும் எச்சரிக்கை எதற்கு, ஐயா?

5. இப்போது இருக்கும் அந்த ஒரே பலகை. வண்டி நிறுத்தும் இடத்தில் தகரம் துருப்பிடித்து, புதருக்குள் சாய்ந்து நிற்கிறது. "ஆபத்தான பகுதி, குளிக்காதீர்" என்று மங்கலாகத் தெரிகிறது. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் உதவி எண் 1093. அதில் கடைசி 3 துருவில் போய்விட்டது. தண்ணீரில் ஒருவர் போராடிக்கொண்டிருக்கும்போது யார் அந்த எண்ணைக் கண்டுபிடித்து அழைப்பது? கடல் எப்படி இருந்தாலும் வருஷம் முழுக்க ஒரே எச்சரிக்கையைச் சொல்லிக்கொண்டு நிற்கும் பலகையை யாரும் படிக்க மாட்டார்கள். இன்றைக்குக் கடல் எப்படி என்று இன்றைக்குச் சொல்ல வேண்டும். இதைத்தானே முன்பும் எழுதினோம்? தங்கள் அலுவலகத்தில் யாராவது படித்தார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, ஐயா. பிணத்தைத் தேடப் படகு கேட்டு நள்ளிரவில் எங்கள் கதவைத் தட்டத் தெரிகிறது. உயிரோடு இருக்கும்போது எச்சரிக்க ஒரு கொடி கட்டத் தெரியவில்லையா?

6. நாங்கள் கேட்பது பெரிய திட்டம் இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் ஒன்றும் பாறைத் திட்டில் ஒன்றுமாக இரண்டு கொடிக்கம்பம். எச்சரிக்கை உள்ள நாளில் சிவப்புக் கொடி. முந்தின நாள் மாலையும் படகு இறங்குவதற்கு முன்பும் தமிழில் அறிவிக்க ஒலிபெருக்கி. கொடி ஏற்றுவது இன்னார் பொறுப்பு என்று ஒருவருடைய பெயர் போட்டு ஓர் உத்தரவு. கோடை மாதங்களுக்கு மட்டுமாவது, நீச்சல் தெரிந்த எங்கள் இளைஞர்களுக்கு மிதவையும் கயிறும் கொடுத்து, சம்பளத்தோடு உயிர்காப்பாளர் வேலை. சரி, எல்லாம் ஒன்றாக முடியாது என்றால் கொடியையும் ஒலிபெருக்கியையும் முதலில் கொடுங்கள். மற்றவை பின்னால் வரட்டும்.

7. பொறுப்பாளர் பெயர் இல்லாத உத்தரவு வேண்டாம். அது எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஏப்ரலுக்கு முன் கொடிக்கம்பம் நட ஆணையிடுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். குழி தோண்டவும் கம்பம் தூக்கவும் நாங்களே வருகிறோம், கூலி வேண்டாம். இந்த மனுவையாவது இன்னொரு துறைக்கு அனுப்பிவிடாமல், ஒரு நாள் நேரில் வந்து பார்த்துத் தாங்களே உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாட்டுப்படகு மீனவர்கள் மற்றும் கடற்கரைத் தெருக் குடும்பத்தினர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், அறிவிப்புப் பலகையின் புகைப்படம், கையொப்பப் பட்டியல்