மினெடோங்கா ஏரியில் தூண்டில் போடும் நம்மவர்களுக்கு: மஸ்கியை விட்டுவிடுங்கள்

மினியாபோலிஸ், செயின்ட் பால் பக்கம் வார இறுதியானால் தூண்டிலோடு கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் சாப்பாட்டுக்குத் தேடும் வால்ஐ மீன் சிக்காத நாளெல்லாம் பழி மஸ்கி என்ற பெரிய வேட்டை மீன் மேல்தான் விழுகிறது. "அந்த முரட்டு மீன்தான் எல்லாத்தையும் தின்னுடுது, அரசாங்கம் எதுக்கு இன்னும் குஞ்சு விட்டுக்கிட்டே இருக்கு?" என்று நம் ஆட்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

விஸ்கான்சின் ஏரிகளில் மஸ்கியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது, அதிகம் கிடைத்தது மஞ்சள் பெர்ச்சும் சக்கர் மீனும்தான். மினசோட்டாவில் மஸ்கி விடப்பட்ட 41 ஏரிகளில் முன்பு எப்படி, பின்பு எப்படி என்று ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தத்தில் மற்ற மீன்களுக்குத் தொடர்ச்சியான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. தனியாக ஓர் ஏரியில் வால்ஐ குறைந்திருக்கலாம், அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

மினெடோங்காவில் மஸ்கி இருப்பதே மினசோட்டா அரசின் இயற்கை வளத் துறை விட்ட குஞ்சுகளால். முன்பெல்லாம் ஷூபேக் ஏரி வகையை விட்டார்கள், அது அவ்வளவாக வளராது. 1980களில் லீச் ஏரி வகைக்கு மாறிய பிறகுதான் ஐம்பது அங்குல மீன் என்ற பேச்சே வந்தது. அந்தக் குஞ்சை வளர்ப்பது லேசான வேலை இல்லை. வசந்தத்தில் தாய் மீனை வலையில் பிடித்து முட்டையை எடுத்து, பொரிக்க வைத்து, உயிருள்ள சின்ன மீன்களாகவே இரை போட வேண்டும். பசித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். இலையுதிர்காலத்தில் ஏறக்குறைய ஓர் அடி வளர்ந்த பிறகு ஏரியில் விட்டாலும், அதில் நிறைய பைக் என்ற இன்னொரு வேட்டை மீனுக்கு இரையாகிவிடும். தப்பிப் பிழைத்தது 54 அங்குலத்தைத் தொட பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும், அதுவும் பெண் மீன் என்றால்தான். அதற்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அளவு இருந்தாலும் குழம்புக்குக் கொண்டுபோகாதீர்கள் என்றுதான் நான் கேட்பேன். குழம்புக்கு சன்ஃபிஷ், கிராப்பி இல்லையா?

விடுவதிலும் ஒரு முறை உண்டு. போன கோடையில் படகுத்துறையில் சிலர் மஸ்கி ஒன்றை வெயிலில் சூடேறிய பலகை மேல் கிடத்தி ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தூக்கியபோது அதன் உடம்பைக் காக்கும் வழவழப்பு முழுக்கப் பலகையிலேயே ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் விட்டதும் நீந்திப் போனது, சரி, ஆனால் அப்படிப் போகிற மீன் பிறகு செத்துப்போவதும் உண்டு. பெரிய ரப்பர் பூசிய வலை, நீள மூக்குக் குறடு, தூண்டில் முள்ளை வெட்டுகிற கட்டர் மூன்றும் இல்லாமல் மஸ்கிக்குத் தூண்டில் போடவே போடாதீர்கள். மீன் வலைக்குள் தண்ணீரிலேயே இருக்கட்டும், முள் வராவிட்டால் வெட்டிவிடுங்கள், படத்துக்கு ஒரே ஒரு தடவை படுக்கைவசமாகத் தூக்குங்கள். ஏரித் தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அன்றைக்கு மஸ்கி வேண்டாம், வேறு மீனுக்குப் போடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. குஞ்சு விடுவதை நிறுத்தச் சொல்பவர்கள் சட்டமன்றம் வரை போகிறார்கள். நாமும் லைசென்ஸுக்குக் காசு கட்டுகிறோம், ஆனால் வாயைத் திறப்பதில்லை. ஏரித் திட்டங்களுக்குத் துறை கருத்துக் கேட்கும்போது, மினெடோங்காவில் மஸ்கிக் குஞ்சு தொடர்ந்து விட வேண்டும் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
உங்களோடு அதே ஏரியில் தூண்டில் போடும் ஒருவன்