வேகத்தில் ஜெயித்தவர் மக்மகோன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த 'ஐன்ஸ்டைனை மிஞ்சிய சிறுவன்' கட்டுரையைப் படித்தேன். அந்தப் பையனுக்கு என் வாழ்த்துகள். அவன் மீது எனக்கு ஒரு புகாரும் இல்லை. புகார் எல்லாம் தலைப்பு மீதும், உள்ளே இருக்கும் ஒரு வரி மீதும்தான். ஐன்ஸ்டைனின் ஐ.க்யூ. (நுண்ணறிவு ஈவு) 160, இவனுடையது 162 என்று எழுதியிருக்கிறீர்கள். ஐன்ஸ்டைன் ஐ.க்யூ. சோதனை எழுதினார் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. 160 என்பது யாரோ எப்போதோ குத்துமதிப்பாகச் சொல்லி, பத்திரிகைக்குப் பத்திரிகை தாவிக்கொண்டிருக்கும் எண். பந்தயத்தில் ஓடவே ஓடாதவரை இரண்டு வினாடியில் தோற்கடித்தான் என்பது போல இருக்கிறது இது.

பி.எட். படித்தவர்கள் இந்தச் சூத்திரத்தை மறந்திருக்க மாட்டார்கள்: மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் நுண்ணறிவு ஈவு. ஆறு வயதுக் குழந்தை ஒன்பது வயதுப் பிள்ளைகள் செய்வதைச் செய்தால் 150. சரி. நாற்பது வயதுக்காரர் 150 வாங்க என்ன செய்ய வேண்டும்? அறுபது வயதுக்காரரைப் போல யோசிக்க வேண்டும்! இந்த அபத்தம் தெரிந்துதான் இன்றைய சோதனைகளில் அந்த வகுத்தலையே விட்டுவிட்டார்கள். ஒரே வயதுக்காரர்களின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு, ஒருவர் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்று மட்டும் பார்க்கிறார்கள். அது வரிசையில் ஓர் இடமே தவிர, உயரம், எடை போல உடம்போடு ஒட்டிய அளவு அல்ல. அந்த வரிசையும் நிலையாக நிற்பதில்லை. அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி வீதம் மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே வந்திருப்பதை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1984-ல் எடுத்துக் காட்டினார். அதற்காகத் தாத்தாக்கள் எல்லோரும் மந்தம், பேரன்கள் எல்லோரும் மேதை என்று யாராவது சொல்வார்களா?

சோதனையையே குப்பை என்று நான் சொல்லவில்லை. 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் அதை உருவாக்கியது, சாதாரண வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளை அடையாளம் கண்டு உதவுவதற்காக. மேதையைத் தேடும் எண்ணமே அதில் இல்லை. அறிவு என்பது பிறவியிலேயே முடிந்துபோன அளவு, கூட்டவே முடியாது என்று பேசியவர்களைப் பினே கடுமையாகவே மறுத்தார். இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் அறிவுசார் குறைபாட்டுக்கான சான்றிதழ் தரும்போது உளவியலாளர் இந்த வகைச் சோதனையைத்தான் பயன்படுத்துகிறார். அங்கே அது உருப்படியான வேலையைச் செய்கிறது.

அதைத் தலைகீழாகத் திருப்பி, முதலிடக்காரர்களைப் பொறுக்கப் பயன்படுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன். 1921-ல் தொடங்கி, கலிஃபோர்னியாவில் மதிப்பெண் மிக உயர்ந்த சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர வளரப் பின்தொடர்ந்தார். பலரும் நன்றாகப் படித்து நல்ல வேலைக்குப் போனார்கள். ஒருவரும் நோபல் வாங்கவில்லை. மதிப்பெண் போதாது என்று ஒதுக்கப்பட்டவர்களில் இருவர் வாங்கினார்கள்: 1956-ல் வில்லியம் ஷாக்லி, 1968-ல் லூயிஸ் அல்வாரெஸ். (அந்த ஷாக்லியே பின்னாளில் ஐ.க்யூ.வைக் கையில் வைத்துக்கொண்டு இனவாதம் பேசித் திரிந்தார். அது தனிக் கதை.)

பினே சோதனையை வெளியிட்ட அதே 1905-ல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தின் மூன்றாம் நிலை அலுவலர் ஒருவர், ஐன்ஸ்டைன்தான், சிறப்புச் சார்பியல் கட்டுரையை எழுதினார். அதே ஆண்டு கும்பகோணத்தில், ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தேறாமல் அரசுக் கல்லூரி உதவித்தொகையை இழந்த ஒரு மாணவர், வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிப் போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்திய தேர்வு) தேறவில்லை.

ராமானுஜனைப் பற்றி எழுதும்போது இங்கே நிறுத்திவிட்டு, 'பார்த்தீர்களா, தேர்வு மேதைகளுக்கு எதிரி' என்று முடிப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலத்தில் தோற்றவர்கள் அந்த ஆண்டு மாகாணம் முழுக்க இருந்திருப்பார்கள். அவர்களெல்லாம் ராமானுஜன் ஆகிவிடவில்லை. மின்னல் வேகத்தில் மனக்கணக்குப் போட்டார் என்று அடுத்த கதை ஒன்று உண்டு. அதுவும் சரியில்லை. அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியே தன் சொற்பொழிவுகளில் எழுதியிருக்கிறார்: இரண்டு பெரிய எண்களைப் பெருக்க வேண்டுமானால் ராமானுஜன் எல்லோரையும் போலத்தான் பெருக்குவார். வேகமும் துல்லியமும் நிறைய உண்டு. ஆனால் கணக்கிட்டுப் பழகிய, இயல்பாகவே வேகமான எந்தக் கணிதவியலாளரையும் அவர் மிஞ்சிவிடவில்லை.

இதற்கு ஹார்டி தரும் சான்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் கட்டுரைக்கு இதுதான் என் பதில். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். 100-ஐப் பிரித்தால் 19,05,69,292 விதம். ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் வெளியிட்ட கட்டுரையின் கடைசியில் இப்படி 200 வரையிலான எண்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. அதில் பெரும்பகுதியை ராமானுஜனும் மேஜர் மக்மகோனும் தனித்தனியே கணக்கிட்டார்கள். மக்மகோன் பீரங்கிப் படையில் இருந்த கணிதவியலாளர், இளம் வயதில் நம் மெட்ராஸுக்கும் வந்து போனவர். இருவரில் சற்று வேகமாகவும் பிழை குறைவாகவும் போட்டவர் மக்மகோன்தான் என்று எழுதிவைத்திருக்கிறார் ஹார்டி. இருவரையும் உட்காரவைத்து மணி பார்த்துச் சோதனை நடத்தியிருந்தால், உங்கள் அட்டைப்படத்தில் மேஜர்தான் இருந்திருப்பார்.

இப்போது அதே அட்டவணையில் 4, 9, 14, 19, 24 என்ற எண்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். அவற்றின் பிரிவினை எண்ணிக்கைகள் 5, 30, 135, 490, 1575. கரும்பலகையில் இதை எழுதிப் போட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள், "எல்லாம் அஞ்சுலயும் சைபர்லயும் முடியுது டீச்சர்!" என்று. எத்தனையோ வகுப்புகளில் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட அவர்கள் தவறவிட்டதில்லை. ஆனால் இருநூறு எண்களில் எந்த ஐந்தை எழுதிப் போட வேண்டும்? அதைப் பார்த்தவர் ராமானுஜன். 4-லோ 9-லோ முடியும் எந்த எண்ணை எடுத்தாலும் அதன் பிரிவினை எண்ணிக்கை ஐந்தால் மீதியில்லாமல் வகுபடும். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இதே போன்ற விதிகள் உண்டு. அட்டவணை மக்மகோன் கையிலும் இருந்தது. சொல்லப்போனால் அவர் கையில்தான் பிழை குறைவாக இருந்தது. இந்த வித்தியாசத்தை எந்தச் சோதனைத்தாளில் கேள்வியாக வைப்பீர்கள்?

வைக்க முடியாது. வேலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதைப் பார்க்கவும் தெரிந்த ஆள் வேண்டும். ராமானுஜன் கதையில் நாம் அவசரமாகக் கடந்துபோகும் பகுதி இதுதான். 1910-ல் அவர் நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூர் போனார், டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டு. அந்த டெபுடி கலெக்டர் மூன்று ஆண்டுகளுக்கு முன்தான் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். நோட்டைப் புரட்டினார், வேலை தரவில்லை. இந்தத் திறமையை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் போட்டு நசுக்க மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார். இப்படி ஒரு காரணத்துக்காக ஒரு தாலுகா ஆபீஸ் வேலை மறுக்கப்பட்டதை நான் வேறெங்கும் படித்ததில்லை. அப்புறம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். முதலில் நம்பவில்லை. திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துத்தான் நம்பினார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, கவலையில்லாத சாப்பாடும் கணக்குப் போட நேரமும் என்ற அளவில்தான் பதில் வந்தது. மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர், ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர். ஹார்டிக்கு 1913 ஜனவரியில் கடிதம் போகும் முன்பே, கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்கள் பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதிப் பலன் இல்லை. ஹார்டி அந்தக் கடிதத்தைச் சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தார்.

ராமானுஜன் 32 வயதில் இறந்ததைவிட, இளம் வயதில் ஐந்து ஆண்டுகள் வழிதெரியாமல் அலையவிட்டதுதான் பெரிய சோகம் என்பது ஹார்டியின் கருத்து. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்ததைச் சொல்லும் நாம் அந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. உங்கள் கட்டுரைக்குக் கீழேயே 'உங்கள் குழந்தையும் மேதையாகலாம்' என்று மூளையைத் தூண்டும் பயிற்சி வகுப்பின் விளம்பரம் வந்திருக்கிறது. எங்கள் தெருவிலும் இப்படி ஒன்றுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு அட்டையின் நிறத்தைச் சொன்னாள், வீடே கைதட்டியது. நான் அவள் மூக்கு நுனிக்குக் கீழே ஒரு நோட்டைக் குறுக்கே பிடித்தேன். அதற்குப் பிறகு சொன்ன நிறமெல்லாம் தப்பு. மூக்குக்கும் துணிக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகத்தான் அத்தனை நாளும் பார்த்திருக்கிறாள். பொய் சொல்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. தாத்தா மட்டும் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

இரண்டு வேண்டுகோள். ஐன்ஸ்டைன் பற்றிய அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இன்னொன்று: நான்கு பக்கக் கட்டுரையில் பையனின் மதிப்பெண், சான்றிதழ், அப்பா அம்மா பெருமிதம் எல்லாம் இருக்கின்றன. அவன் என்ன கணக்குப் போட்டான் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அவனுடைய நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். தப்பு இருந்தாலும் திருத்த வேண்டாம். ஹார்டிக்குப் போன அந்தக் கடிதத்திலும் பகா எண்களைப் பற்றி எழுதியது தப்புதான். உட்கார்ந்து படித்துப் பார்த்து அவனுக்குப் பதில் எழுத, என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
மன்னார்குடி.