எத்தனை தடவை?

என் செல்ல மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வார்டில் உன் கண்ணெதிரே ஒரு நோயாளி இறந்துபோனார். அரைமணி நேரத்தில் உனக்குப் பசித்தது, சாப்பிட்டாய், அழுகையே வரவில்லை. "நான் கல்லாயிட்டேனாம்மா?" என்றாய்.

வயிற்றுக்குத் துக்கம் தெரியாதடி. விடிய விடிய டியூட்டி பார்த்த உடம்பு சோறு கேட்கத்தான் செய்யும்.

(டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்த முதல் வருஷம் கழுத்தைத் தடவித் தடவி நெறி கட்டியிருக்கிறதா என்று தேடியவள் நீ. படித்த வியாதியெல்லாம் தனக்கே வந்துவிட்டதாக நினைப்பது உன் பழைய பழக்கம். இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தான் முதலில் நினைத்தேன்.)

ஆனால் 32 வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு அப்படித் தள்ளிவிட மனசு வரவில்லை. மாஸ்லாக், ஜாக்சன் என்ற இருவர் 1981-ல் வெளியிட்ட ஒரு வினாத்தாள் உண்டு. வேலையில் மனம் எவ்வளவு சோர்ந்திருக்கிறது என்று அளப்பதற்கு. இந்த வேலை என்னை இறுக வைத்துவிடுமோ என்ற கவலை, உன் கவலையேதான், அதிலும் ஒரு வரியாக இருக்கிறது. உண்டா இல்லையா என்று அது கேட்பதில்லை. எத்தனை தடவை என்று கேட்கும். ஒருபோதும் இல்லை என்றால் 0, தினமும் என்றால் 6. நேற்று ஒரு நாள் தோன்றியதற்கு நான் பயப்படவில்லை. நோயாளியின் மகன் இரண்டாம் முறை சந்தேகம் கேட்டால் எரிச்சல் வருகிறதா, அதுவும் தினமும் வருகிறதா, அதைச் சொல். சீனியரிடமும் சொல். அவருக்கும் ஒரு முதல் மரணம் இருந்திருக்கும்.

டாக்டர்களின் ஜெனீவா உறுதிமொழி 1948-ல் வந்தது. 'என் நலத்தையும் பேணுவேன்' என்ற வாக்கு அதில் சேர 2017 ஆகிவிட்டது. 69 வருஷம்! அதனால் நீ தாமதமாக யோசிக்கிறாய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்று பாக்கி இருக்கிறது. உனக்கு ஆறு வயது இருக்கும்போது, ஏழு வயதுப் பிள்ளை ஒன்று என் டியூட்டியில் போய்விட்டது. அன்றைக்கு நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், தூங்கினேன். மூன்றாம் நாள் நீ பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தாய். அடித்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த அடி பென்சிலுக்காக இல்லை.

அம்மா