கோட்டா நோட்டில் ஒரு கட்டம் கூட்டுங்கள்

பல் மருத்துவக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. அமைப்பே மாறும்போது பாடத்தையும் பிரித்துப் பார்ப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். சிறுநகரம் ஒன்றில் கிளினிக் வைத்திருக்கிறேன். குழந்தைப் பல்லுக்கென்று மூன்றாண்டு எம்டிஎஸ் மேற்படிப்பு படித்தவர் எங்கள் பக்கம் யாருமில்லை. வருகிற பிள்ளைகளை பிடிஎஸ் என்ற அடிப்படைப் பட்டம் மட்டும் பெற்ற என்னைப் போன்றவர்கள்தான் பார்க்கிறோம்.

எங்களுக்குக் கிடைத்த பயிற்சி என்ன? கோட்டா. அதாவது மாணவர் முடித்து நோட்டில் கணக்குக் காட்ட வேண்டிய எண்ணிக்கை: இத்தனை அடைப்பு, இத்தனை பிடுங்கல். முடித்தால் கையெழுத்து. கதறும் பிள்ளையின் கையை அம்மாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வேலையை முடித்தாலும் அது ஒரு கேஸ்தான். அந்தப் பிள்ளை மறுபடி வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. வீங்கிய கன்னத்தோடு வரும் பெரியவர்களிடம் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் சின்ன வயதில் நடந்ததைச் சொல்வார்கள்.

'சொல், காட்டு, செய்' முறை 1959-லிருந்தே புத்தகத்தில் இருக்கிறது. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனால் காற்றைப் பிள்ளையின் உள்ளங்கையில் அடித்துக் காட்டி, சுழலும் பிரஷ்ஷை நகத்தில் ஓட்டிக் காட்டி, சிரித்த பிறகு பல்லுக்குப் போக கால் மணி நேரமாவது வேண்டும். அதற்குக் கோட்டாவில் இடமில்லை.

சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற, சொத்தையில் தடவும் திரவ மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம். ஒரு சொட்டு தடவினால் சொத்தை பரவுவதைப் பெரும்பாலும் நிறுத்தலாம். சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும், அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்குவதையும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். டிரில் பிடிக்கும் முன்பே இது வரட்டும்.

அப்புறம் அங்கன்வாடி. மாணவர்களை முகாமுக்கு என்றில்லாமல் மாதக்கணக்கில் அங்கே அனுப்புங்கள். மேல் முன்பற்கள் நான்கும் கரைந்து, நாக்கு மறைத்த கீழ்ப்பற்கள் மட்டும் வெள்ளையாக இருக்கும் வாயைப் பார்த்ததுமே இரவுப் பால் பாட்டில்தான் காரணம் என்று தெரிந்துவிடும். "பால் பல்தானே, விழுந்துடும்" என்பார் பாட்டி. கடைவாய்ப் பால் பல் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியது என்று அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. கோட்டா நோட்டில் ஒரு கட்டம்: அதே பிள்ளை, இரண்டாம் முறை, தானே நாற்காலியில் ஏறியதா? அதற்கும் ஆசிரியர் கையெழுத்து வேண்டும் என்று விதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறுநகரப் பல் மருத்துவர்