மூன்றாம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

திருநெல்வேலி பெருமாள்புரத்தை அடுத்து அரைகுறையாக நிற்கும் நம் கட்டடத்தில் வீடு பதிந்திருக்கும் முப்பது குடும்பத்து அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நான் இரண்டாம் மாடி, வடகிழக்கு மூலை வீட்டுக்காரி. பள்ளிக்கூட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். போன வாரம் பில்டர் ஆபீசில் இருந்து போன் வந்தது. "டீச்சர், தேதியை மாத்தி ஒரு துணை ஒப்பந்தம் போடுதோம். வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க." உங்களுக்கும் அதே போன் வந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு நேரம் சொல்லி வரவழைத்திருக்கிறார்கள்.

போனேன். காபி கொடுத்து, நாலு பக்கத் தாளை நீட்டி, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்து இடத்தைக் காட்டினார்கள். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய பழக்கம், முதலில் இருந்து படித்தேன். முதல் இரண்டு பக்கத்தில் வீட்டை ஒப்படைக்கப் புதுத் தேதி. மூன்றாம் பக்கத்தின் அடியில், திருத்திய வரைபடத்துக்கு முழுச் சம்மதம் என்று ஒரு பத்தி. என்ன திருத்தம் என்று கேட்டேன். மேலே இன்னொரு மாடி, கீழே நாம் வண்டி நிறுத்த வேண்டிய இடத்தில் கடைகள். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நம்மைத் தனித்தனியாகக் கூப்பிடும் காரணம் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. ரெரா என்று நாம் சொல்லும், வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் வருஷத்துச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, அனுமதி வாங்கிய கட்டட வரைபடத்தை இப்படி மாற்ற வேண்டுமானால், வீடு பதிந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். முப்பதில் இருபது. ஒருவர் இரண்டு வீடு வாங்கியிருந்தாலும் அவர் கணக்கு ஒன்றுதான். பதினொரு பேர் மாட்டோம் என்றால் அந்த மாடி எழும்பாது. ஏற்கெனவே ஆறு பேர் போட்டுவிட்டதாகக் கேள்வி. அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வரைபட மாற்றத்தை விளக்காமல் வாங்கிய சம்மதம் இது, திரும்பப் பெறுகிறேன் என்று உடனே எழுதி, போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி பில்டருக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

தேதிக்கும் வருகிறேன். "ஆடி கழியட்டும்", "தையில பால் காய்ச்சிரலாம்" என்று கேட்டுக் கேட்டே மூன்று தை போய்விட்டது. முதல் ஒப்பந்தத்தில் உள்ள தேதிதான் நம் கையில் இருக்கும் ஒரே பிடி. அந்தத் தேதிக்கு வீடு தராவிட்டால் 18ஆம் பிரிவு இரண்டு வழி தருகிறது. விலகிக்கொண்டு கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். இல்லை, வீடுதான் வேண்டும் என்றால், சாவி கைக்கு வரும்வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். புதுத் தேதிக்குக் கையெழுத்துப் போட்டால், பழைய தேதியை நாமே விட்டுக்கொடுத்தோம் என்று வாதாட அவர்களுக்கு நாம் வழி போட்டுக் கொடுத்ததாகும்.

சனிக்கிழமை கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். தூணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் கை வைத்தால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. என் வீட்டு அடுப்படி வரவேண்டிய இடத்தில் மழைத் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்துக் கிடக்கிறது. என் வீட்டுக்காரரின் பி.எஃப். பணம் அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. அவர் அதைப் பார்க்க இப்போது இல்லை.

நம்மில் பலர் பில்டரை "அண்ணாச்சி" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். நம்ம ஊர்க்காரர், எதிர்த்துக் கேட்க வாய் வரவில்லை என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பணம் வாங்கும்போது ரசீது போட்டுத்தானே வாங்கினார்? நாமும் எழுத்தில் கேட்போம்.

எங்கே கேட்பது? ஒரு காவல் நிலையத்துக்குப் போய், சிவில் விவகாரம் என்ற பதிலோடு திரும்பியவர்கள் நம்மில் இரண்டு பேர். ஆரம்பத்தில் இருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால் மோசடிப் புகார் நிற்கும். அது தண்டனைக்கான வழி. பணமும் வீடும் கிடைக்க வேறு இரண்டு வாசல் உண்டு. ஒன்று, ரெரா ஆணையம். அது பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் பில்டர் கொடுக்காவிட்டால், அரசுக்குக் கட்டாத நிலவரிப் பாக்கியை வசூலிப்பது போல அவரிடம் வசூலிக்கலாம். இன்னொன்று, நம் ஊரிலேயே இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே போகலாம்; நான் கட்டியது 34 லட்சம். ரெரா இருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கூடாது என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லிவிட்டது. ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியது நாம்தான். சேர்ந்து போகலாம் என்பதால் எனக்கு ரெரா சரியென்று படுகிறது. சங்கமாகவும் அங்கே புகார் கொடுக்கலாம். நீங்கள் வேறு நினைத்தால் வந்து சொல்லுங்கள், கேட்கிறேன்.

பதிவு செய்த ஒப்பந்தம் இல்லை, ரசீது மட்டும்தான் இருக்கிறது என்று பயப்படுகிறவர்களுக்கு: ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்குவதே 13ஆம் பிரிவுப்படி தப்பு. அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சவுதியில் இருந்து பணம் அனுப்பும் தம்பிக்கு: கோபத்தில் வங்கித் தவணையை நிறுத்திவிடாதே, வங்கி உன் மேல்தான் பாயும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். வக்கீல் ஒருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் யாருக்காவது போன் வந்தால், எல்லாரும் சேர்ந்து வருகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள். ஒப்பந்தம், ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வாருங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி டீச்சர்