பாப்பாவுக்கு, ராத்திரி 2.30-க்கு எழுதுவது

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. பெரியத்தை வீட்டு விவகாரம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது, அம்மாவே சொல்லுவாள். நைட் டியூட்டி முடிந்த கையோடு காரை எடுக்காதே, ஒரு மணி நேரமாவது கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்பு.

போன செவ்வாய்க்கிழமை நீ வீடியோவில் வந்தபோது பின்னால் ஜன்னலில் நல்ல வெயில். அங்கே காலை 10 மணி. ஷிப்ட் மாறியிருக்கும் என்றாள் அம்மா. இருக்கலாம்.

உங்கள் அமெரிக்க தேசிய வானிலைச் சேவையில் இந்த 2025-இல் மட்டும் 550 பேருக்கு மேல் வேலையை விட்டுப் போய்விட்டார்களாமே. பிப்ரவரியில் ப்ரொபேஷனில் இருந்தவர்களை அனுப்பியபோது, பதவி உயர்வு வாங்கிப் புது இடத்துக்குப் போனவர்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள் என்று படித்தேன். உனக்குப் பதவி உயர்வு வந்தது போன தீபாவளிக்கு முன்புதானே. தெரு முழுக்க இனிப்பு கொடுத்தேன். சரி, அதை விடு.

ஆள் இல்லாமல் மார்ச்சில் ஒமாஹாவிலும் ராபிட் சிட்டியிலும் வானிலை பலூன் விடுவதையே நிறுத்தினார்கள் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயு நிரப்பி, கருவியைக் கட்டி, காற்று கொஞ்சம் அடங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்று விட்டுவிட்டால், 30 கிலோமீட்டருக்கு மேலே போய் வெடிக்கும்வரை வெப்பம், ஈரம், காற்று என்று சொல்லிக்கொண்டே போகுமே, அதைப் போய் நிறுத்துவார்களா? காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிற தேசம், ஒமாஹாவில் விடாத பலூன் நாளைக்கு மழை வாங்கப்போகிற ஊருக்கும்தான் நஷ்டம். இதை உனக்கே சொல்கிறேன் பார்.

டெக்ஸாஸில் ஜூலை 4 வெள்ளத்தில் 130 பேருக்கு மேல் உயிர் போனதற்கு ஆள்குறைப்புதான் காரணம் என்று இங்கே ஒருவர் அடித்துப் பேசினார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி வழக்கத்தைவிட அதிகம் பேர் வேலையில் இருந்தார்கள், எச்சரிக்கையும் நள்ளிரவு தாண்டி 1.14-க்கே போய்விட்டது. ஆனால் அந்தப் பகுதி வானிலை ஆபீஸில் ஊர் அதிகாரிகளோடு தொடர்பு வைத்திருக்கிற பதவி ஏப்ரலிலிருந்து காலியாக இருந்தது. எச்சரிக்கை போவது வேறு, அது ஒருவனைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது வேறு. யாருடைய போன் நம்பர் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் ஒரு ஆளோடு வந்து அந்த ஆளோடு போய்விடும். அந்த ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயும் நானும் சொல்ல முடியாது.

வேளைக்குச் சாப்பிடு. தூங்காமல் கார் ஓட்டாதே.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பிறந்த வருஷம், ஐப்பசி அடைமழை. எங்கள் வானிலை நிலையத்தில் நாலு பேர் வேலையை இரண்டு பேர் பார்த்தோம், எனக்குத் தொடர்ந்து மூன்றாவது ராத்திரி. 2.30 ரீடிங்குக்கு வெப்பமானிப் பெட்டிவரை 40 அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை. 11.30-க்கு எழுதியதில் அரை டிகிரி குறைத்து எழுதி அனுப்பிவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை, நம்பும்படி இருந்ததே. கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் காலையில் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள், திட்டு வாங்கியிருப்பேன், இன்னொரு ஆள் வேண்டும் என்றாவது வாய் திறந்திருப்பேன். ஒரு நாளும் லீவு போடாதவர் எங்கள் அப்பா என்று நீ பள்ளிக்கூடத்தில் பேசினாயே, அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சிலிருந்து நீயும் ‘நல்லா இருக்கேன்பா’ என்றே அனுப்புகிறாய். அரை டிகிரிகூட மாறுவதில்லை.

மறுபடி 450 பேர்வரை எடுக்க ஆகஸ்ட்டில் அனுமதி கிடைத்ததாமே. சும்மா சொன்னேன். மாப்பிள்ளையிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் 2.30-க்கு விழிப்பு வந்துவிடுகிறது. அங்கே உனக்கு மாலை 4 மணி. அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள், நான் திண்ணையில் இருப்பேன், போனும் பக்கத்திலேயே இருக்கும்.

அப்பா